காலி என்று சொன்னது நான்தான்

சகலை எனக்குத் தர வேண்டியிருந்தது ஏழாயிரத்து நானூற்று எண்பது. வீடு மாறும்போது முன்பணத்துக்கு எட்டாயிரம் வாங்கினார். ஐந்நூற்று இருபது திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு ஈடாக ஒரு ஏர்கன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் வைத்தார். நான் ஈடு கேட்கவில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், போதாததற்கு ஒரே கிடங்கில் ஒரே லாரியில் என்னோடு மூட்டை இறக்குகிறவர். அவரிடம் போய் ஈடு கேட்பேனா?

"கையை வீசிக்கிட்டு வந்து உங்க வீட்டுல உக்கார ஒரு மாதிரி இருக்கு சகலை. இது இங்க கிடக்கட்டும். காசு வந்ததும் எடுத்துக்கறேன்" என்றார்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கடனுக்குத் துப்பாக்கி குடுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். அடுத்த தவணைக்கு என்ன தம்பி, பீரங்கியா?"

"அக்கா, இது துப்பாக்கி இல்லக்கா. வெறும் காத்து. புறா விரட்டறது."

அது உண்மைதான். கிடங்குக் கூரையில் புறாக்கள் ஏறி மூட்டைகளைக் கொத்திக் கிழிக்கின்றன என்று முதலாளி வாங்கிப் போட்டது அது. மதிய இடைவேளையில் சகலைதான் சுடுவார். ஒரு புறாவாவது விழுந்ததாக எனக்கு நினைவில்லை. சத்தத்துக்குப் பறந்து, சத்தம் நின்றதும் திரும்பி வரும். பிறகு முதலாளி கூரைக்கு வலை கட்டினார். சகலைக்கு ஒரு மாத ஓவர்டைம் பாக்கி இருந்தது. காசுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள் என்று அவர் கையில் திணித்துவிட்டார். அப்படி அவரிடம் வந்தது, அப்படியே என்னிடம் வந்தது. பீரோவின் மேல் வைத்தேன். அதோடு கொடுத்த அட்டைப் பெட்டியில் ஒரு தாளும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டு மூன்று வருடம்தான் ஆகிறது. கடைப் பலகை படிப்பேன், சம்பளச் சீட்டு படிப்பேன். அந்தத் தாளில் எழுத்து எறும்பு ஊர்வது போல் இருந்தது. மடித்து அதே பெட்டியில் வைத்துவிட்டேன்.

என் காதைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கிடங்கில் நான் நிற்பது அடுக்கின் மேல். லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற மூட்டையை வரிசையில் பொருத்துவது என் வேலை. ஒவ்வொரு மூட்டை விழும் சத்தத்தையும் எண்ணிக்கொண்டே இருப்பேன். பேசிக்கொண்டே எண்ணுவேன், இருமிக்கொண்டே எண்ணுவேன். ஒருமுறை லாரிக்காரர் இருநூற்று எண்பத்தொன்று என்றார், மேஸ்திரி நோட்டைப் பார்த்து அதையே சொன்னார், நான் இருநூற்று எண்பது என்றேன். அடுக்கைக் கலைத்து எண்ணினார்கள். இருநூற்று எண்பதுதான். அன்றிலிருந்து மேஸ்திரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைத்தான் கேட்பார். "காது, எத்தனை ஆச்சு?" கிடங்கில் எனக்குப் பெயரே காது என்று ஆகிவிட்டது. கிழிந்த மூட்டையும் மூட்டைதான், பாதி கொட்டிப்போனதும் மூட்டைதான். விழுந்தால் ஒன்று. அதுதான் என் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை சிரித்த முகத்தோடு வந்தார். கூடவே என் கொழுந்தியாள். அவர்கள் வீட்டுப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர், காக்காத் தொல்லைக்கு ஏர்கன் தேடுகிறாராம். ஒன்பதாயிரம் தருகிறேன் என்றாராம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பார்ப்பாராம்.

"உங்க காசு போக எனக்கு ஆயிரத்தி ஐந்நூறு மிச்சம் சகலை. இன்னைக்கோட உங்க கடன்காரன் இல்ல நான்."

"ஆயிரத்து ஐந்நூத்தி இருபது" என்றேன்.

"அந்த இருபதையும் விட மாட்டாரு பாரு எங்க மாமா" என்று கொழுந்தியாள் சிரித்தாள்.

வருகிறவர் முன்னால் மக்கர் பண்ணக் கூடாது, ஒருமுறை சுட்டுப் பார்த்துவிடலாம் என்று சகலை சொன்னார். பொறுப்பில்லாமல் செய்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளைகள் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். பின்பக்கம் மதில் ஓரமாக மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்தோம். அதன் முன்னால் தகர டப்பா. பெண்கள் இருவரையும் பின்கதவுப் படியில் உட்காரச் சொன்னோம். கரண்ட் வேறு போய்விட்டது. உள்ளே இருக்க முடியாமல் அவர்களே அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த ஏர்கன்னின் குழலைக் கீழே மடக்கித் திரும்ப நிமிர்த்த வேண்டும். மேலே சின்ன டப்பி மாதிரி ஒரு மேகசின், பத்து ஈயக் குண்டு கொள்ளும். ஒவ்வொரு முறை மடக்கி நிமிர்த்தும்போதும் அதிலிருந்து ஒரு குண்டு குழலுக்குள் போகும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மடக்கி விசையை அழுத்தினால் வெடிக்கும் என்பது மட்டும்தான்.

மணல் மூட்டையைத் தூக்கியதில் கையெல்லாம் மண். நான் குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டிருந்தேன். சகலைக்கும் அந்த மணல் மூட்டைக்கும் முதுகைக் காட்டியபடி. முதல் வெடி கேட்டது. ஒன்று. பிறகு சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு, மூன்று. டப்பா உருளும் சத்தம். கொழுந்தியாள், "புறாவைத்தான் அடிக்க முடியல, டப்பாவையாவது அடிச்சீங்களே" என்றாள். நான்கு. ஐந்து. முகத்தையும் கழுவினேன். சோப்பு கண்ணில் பட்டது. ஒன்பது. பத்து.

"சகலை, எத்தனை ஆச்சு?" என்று அங்கிருந்தே அவர் கேட்டார்.

"பத்து. முடிஞ்சுது, காலி" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஸ்திரிக்குச் சொல்வது போலவே சொன்னேன்.

அவருக்கும் அது போதும். நான் பத்து என்றால் பத்துதான். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். "நல்லா வேலை செய்யுது. பிடிச்சுப் பாருங்க, இனிமே கிடைக்காது" என்று குழலை இன்னொரு முறை மடக்கி நிமிர்த்தி என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. இத்தனை நாள் என் பீரோவின் மேல் கிடந்தும் நான் அதைக் கையில் சரியாகப் பிடித்தது அப்போதுதான்.

கொழுந்தியாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "காலிதானே மாமா? அந்தக் காத்தை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க. வேர்த்துக் கொட்டுது" என்று முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். திருப்பினேன்.

ஆமாம், திருப்பினேன். அவள் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் குழல் முனை இருந்தது. என் விரல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை, எங்கே இருக்கக் கூடாதோ அங்கேதான் இருந்தது.

"ஏய், எனக்கில்லாத காத்து உனக்கா? முதல்ல எனக்கு" என்று சகலை நடுவில் புகுந்து வலது உள்ளங்கையைக் குழல் முனையில் அழுத்தி மூடினார். "ம், ஊதுங்க சகலை."

நான் அழுத்தினேன்.

வெறும் காற்று வெளியேறினால் அது பளீரென்று அறைகிற மாதிரிக் கேட்கும். இது அப்படிக் கேட்கவில்லை. பொத்தென்று, அடங்கின சத்தம். மணல் மூட்டையில் விழுந்தது போன்ற சத்தம். கண் பார்ப்பதற்கு முன்னால் என் காதுக்குத் தெரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. குழாயடியில் நான் எண்ணிய முதல் வெடி பளீரென்றுதான் கேட்டது. மேகசினைப் போடுவதற்கு முன்னால் வெறும் காற்றை ஒருமுறை வெடித்துப் பார்த்திருக்கிறார். அந்த வித்தியாசத்தைக் காது எனக்குச் சொல்லியிருக்கிறது. நான்தான் விழுந்தால் ஒன்று என்று சேர்த்து எண்ணினேன். பத்து வெடிக்கு ஒன்பது குண்டு. பத்தாவது குண்டை அவரே மடக்கி நிமிர்த்தி என் கையில் கொடுத்தார்.

சகலை கையை எடுத்துப் பார்த்தார். நடுவிரலுக்குக் கீழே பென்சில் முனையால் குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம் அப்போது வரவில்லை. "சுடுது" என்றார், சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கொழுந்தியாள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு எங்க?" என்றாள்.

அப்புறம் ரத்தம் வந்தது. நான் ஏர்கன்னைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவிதான் அதைப் பிடுங்கிக் குழலை மதில் பக்கம் திருப்பி வைத்தாள். "தண்ணி கொண்டா, துணி கொண்டா" என்று கத்தினாள். யாரிடம் கத்தினாள் என்று தெரியவில்லை. ஒருவரும் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்துக் காட்டினார். விரல் எலும்புகள் விறகு அடுக்கினாற்போல் வரிசையாக இருந்தன. இரண்டு எலும்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு.

"என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டார்.

"மூட்டை தூக்கறோம்மா."

"எந்தக் கையில?"

கொக்கியை வலது கையில்தான் பிடிப்போம். கொக்கியைக் குத்தி, இழுத்து, முதுகுக்கு ஏற்றுவோம். ஐந்து விரலும் மடங்கினால்தான் கொக்கி நிற்கும். இதை நான் சொல்வதற்குள் சகலையே சொன்னார். "ரெண்டு கையிலயும்தாங்க. கொக்கியை இதுலதான் பிடிக்கறது."

"குண்டை எடுத்திடலாம். நரம்பும் தசைநாரும் எப்படி இருக்குன்னு திறந்து பாத்தாதான் தெரியும். விரல் மடங்குமான்னு இப்ப என்னைக் கேக்காதீங்க."

நாங்கள் கேட்கவில்லை. அவர் முகத்திலிருந்தே தெரிந்தது.

துப்பாக்கிக் காயம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லிவிடுவார்களாம். ஒரு ஏட்டு வந்தார். வயதானவர், கையில் நோட்டு. மருந்து வாசனையில் சளி பிடித்தவர் போல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

"யார் சுட்டது?"

நான் எழுந்தேன். சகலை என்னைப் பார்க்காமலே, "நானேதான் சார். துடைக்கும்போது பட்டுடுச்சு" என்றார்.

"உள்ளங்கையிலயா? துடைக்கும்போதா?"

"ஆமா சார். புத்தி எங்கயோ இருந்துச்சு."

என் மனைவி கீழே பார்த்தாள். கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்தவன் அப்படியே நின்றேன். நான்தான் சுட்டேன் என்று சொல்ல எத்தனை நொடி வேண்டும்? அந்த நொடிகள் எல்லாம் போயின. நான் சொல்லவில்லை.

ஏட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "குண்டு இருக்கான்னு பாக்கலையா?"

"காலின்னு நினைச்சோம் சார்."

"எதை வச்சு நினைச்சீங்க?"

"பத்து போட்டோம், பத்து வெடிச்சுது. எண்ணிப் பாத்தோம்."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "எண்ணினீங்களா? ஏம்ப்பா, இது என்ன சுண்டலா, எண்ணி முடிஞ்சதும் பொட்டலம் காலின்னு சொல்ல? மேகசினைக் கழட்டணும். குழலை மடக்கி அந்தப் பக்கத்து வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கணும். தெரிஞ்சாலும் குண்டு இருக்குன்னே நினைச்சுப் பிடிக்கணும். எங்க ஸ்டேஷன்ல நேத்து துடைச்ச துப்பாக்கியை இன்னைக்கு எடுத்தாலும் அப்படித்தான். ஆள் பக்கம் திருப்பறதே கிடையாது. காத்துன்னு சொல்லிச் சொல்லியே வீட்டுக்கு ஒரு கண்ணு போகுது." மூக்கை உறிஞ்சினார். "கையோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. மூஞ்சியில பட்டிருந்தா?"

கொழுந்தியாள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். வெளியே அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி பின்னாலேயே ஓடினாள்.

ஏர்கன்னை எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து மணிக்கு வந்த கோழிப்பண்ணைக்காரர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம். பெட்டி மட்டும் பீரோவின் மேல் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக் கீழே உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். "காலியாக உள்ளது என்று பிறர் கூறினாலும்" என்ற வரியைப் படிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. "பிறர்" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அங்கே என்னைத்தான் எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் படிக்கவில்லை.

கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆயிற்று. சுண்டுவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கின. நடுவிரலும் மோதிர விரலும் பாதி தூரம் வந்து நின்றன. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். சகலை பந்தை அழுத்திக்கொண்டே டீ குடிப்பார், பந்தை அழுத்திக்கொண்டே சண்டை போடுவார். "பந்துக்குத்தான் உடம்பு தேறிடுச்சு" என்பார். ஒருநாள் கிடங்குக்கு வந்து கொக்கியை எடுத்தார். நாங்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பது போல் நின்றோம். கொக்கியைக் குத்தினார், இழுத்தார். மூட்டை அசைந்தது, கொக்கி கையிலிருந்து நழுவியது. இன்னொரு முறை. மறுபடி நழுவியது. மூன்றாவது முறை அவர் முயலவில்லை. கொக்கியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, "சரி, வரேன்" என்று போய்விட்டார்.

அன்று மேஸ்திரி வழக்கம்போல், "காது, எத்தனை?" என்றார்.

"தெரியல" என்றேன். லாரி பாதி காலியாகியிருந்தது. மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எறங்கி வந்து பாத்து எண்ணணும்" என்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

சகலைக்கு எடைமேடையில் வேலை கிடைத்தது. லாரி ஏறி நின்றதும் பொத்தானை அழுத்திச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். மூட்டைக் கூலியில் பாதிதான் சம்பளம். கொழுந்தியாள் ஒரு தையல் கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் வருவது குறைந்தது. வந்தால் என்னோடு பேசுவாள், சிரிப்பாள்கூட. ஆனால் நான் எதையாவது கையில் எடுத்தால், குடையோ கரண்டியோ, கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள். அவளுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. என் மனதில் அது அன்றைக்கே தள்ளுபடி. மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவள், "அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வேற இருக்கா?" என்றாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில் சகலை தனியாக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து இடது கையால் ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஏழாயிரத்து நானூத்தி எண்பது. எண்ணிக்கோங்க."

"எடுத்து உள்ள வைங்க சகலை. அதை நான் அப்பவே விட்டாச்சு."

"யாரைக் கேட்டு விட்டீங்க?"

"யாரைக் கேக்கணும்? என் காசு."

"கடன் என்னுது." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க இதை வேணாம்னு சொன்னா என்ன அர்த்தம் தெரியுமா? ரெண்டு விரலுக்கு விலை ஏழாயிரத்து நானூத்தி எண்பது. வித்தாச்சு, கணக்குத் தீந்துது. என் விரல் அவ்வளவு மலிவா சகலை?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்ப ஏட்டுகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" ஏழு மாதமாகத் தொண்டையில் கிடந்தது அது. "நான் சொல்லியிருப்பேன்."

"எங்க சொன்னீங்க?" என்றார்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களைக் கூட்டிட்டுப் போய் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருந்தா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிருக்கும். ஒரு ஆளோட கையாவது முழுசா இருக்கட்டும்னு சொன்னேன். உங்க மேல இருக்கற பாசத்துல சொன்னேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்குக் கோபம் இருக்கு. காலையில சட்டைப் பட்டன் போடறப்ப எல்லாம் வருது. சில நாள் மூணாவது பட்டன்லயே போயிடுது, சில நாள் போகறதில்ல. நான்தான் கையை நீட்டினேன், நான்தான் ஊதுங்கன்னு சொன்னேன். அதுவும் தெரியும். என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"எண்ணுங்க."

உறையைப் பிரித்தேன். புதிய நோட்டு, பழைய நோட்டு, ஓரம் கிழிந்து ஒட்டிய நோட்டு. எடைமேடையில் பொத்தான் அழுத்தி அழுத்திச் சேர்த்தது. எனக்கு அதைத் தொடவே கூசியது. அவர் எழுந்து போகிற மாதிரி இல்லை. தொட்டேன். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். நடுவில் மனைவி வந்து கதவருகே நின்றாள்.

"சரியா இருக்கு" என்றேன்.

"கடன் தீந்துதுன்னு சொல்லுங்க."

"தீந்துது."

"ம். இது தீந்துது. அது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காதீங்க" என்று சொல்லி எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.